பிரிட்ஜ்மேட்டில் புள்ளி பதிவது எப்படி? கிளப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் ஒரு பிரிட்ஜ் கிளப்புக்கு முதன்முறையாகப் போய் உட்காருகிறவருக்கு ஆட்டம் ஓரளவு தெரிந்தே இருக்கும். வகுப்பில் படித்துவிட்டுத்தான் வந்திருப்பார். ஏலப் பெட்டியிலிருந்து அட்டையை உருவி வைக்கும் பழக்கமும் வந்திருக்கும். வடக்கில் அமர்ந்தவரின் கைக்கு அருகே கிடக்கும் சிறிய பொத்தான் கருவிதான் அவருக்குப் புதிது. அதைப் பற்றி வகுப்பில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கேட்டால், "ஆடஆடப் பழகிவிடும்" என்பார்கள். பழகிவிடும்தான். தவறாகவும் பழகிவிடும் என்பதுதான் சிக்கல். பத்து ஆண்டுகளாக ஆடுகிறவர்களிலும் திரையைப் பார்க்காமல் ஓகே அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரை பிரிட்ஜ்மேட் கருவியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நெதர்லாந்து நிறுவனம் ஒன்றின் தயாரிப்பான இதைத்தான் இங்கே பல கிளப்புகளில் காணலாம். உங்கள் கிளப்பில் வேறு கருவியோ, டேப்லட்டோ, கைப்பேசிச் செயலியோ இருந்தால் பொத்தான்களின் இடம் மாறும். மேசையில் செய்யவேண்டியது மாறாது.

கருவி எதற்காக?

டூப்ளிகேட் பிரிட்ஜில் ஒரே சீட்டுப் பகிர்வை ஒவ்வொரு மேசையும் ஆடுகிறது. சீட்டுகள் போர்டு எனப்படும் தட்டில் நான்கு பைகளில் செருகப்பட்டு மேசை மேசையாகப் போகும். உங்களுக்கு நல்ல சீட்டு வந்ததா என்பதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. அதே சீட்டை வைத்துக்கொண்டு மற்ற மேசைகளில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதே கணக்கு. முன்பு ஒவ்வொரு போர்டோடும் மடித்த தாள் ஒன்று பயணம் செய்யும். வடக்கு அதை விரித்து முடிவை எழுதி, மறுபடி மடித்துச் செருகுவார். ஆட்டம் முடிந்தபின் ஒருவர் எல்லாத் தாள்களையும் எடுத்துவைத்துக்கொண்டு கூட்டிக் கழிப்பார். முடிவு அன்றிரவே தெரிந்தால் அதிர்ஷ்டம்.

இப்போது வடக்கு அழுத்துவது கம்பியில்லாத் தொடர்பு வழியாக, கணினியோடு இணைத்த பெட்டிக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து புள்ளிக் கணக்கு மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. கடைசி மேசை கடைசி போர்டை முடித்த சில நிமிடங்களில் முடிவு திரையில் வந்துவிடும். வேகம் கூடியது உண்மை. ஆனால் தாளில் ஒரு காவல் இருந்தது: முந்தைய மேசைகளின் முடிவுகள் வரிசையாகக் கண்ணில் படும், நாம் தப்பாக எழுதினால் அந்த வரிசையே கேலி செய்யும். கருவி உள்ளிடும்போது ஒற்றை முடிவை மட்டும் காட்டுகிறது. அந்தக் காவலை இப்போது மேசையில் இருப்பவர்கள்தான் செய்யவேண்டும்.

உட்கார்ந்தவுடன்

திரை இருண்டிருந்தால் பயப்பட வேண்டாம். இரண்டு சிறிய பேட்டரிகளில் ஓடுவதால் சும்மா இருக்கும்போது தூங்கிவிடும். ஓகே அழுத்தினால் விழித்துக்கொள்ளும். முதலில் பிரிவின் எழுத்தையும் மேசை எண்ணையும் கேட்கலாம். பெரும்பாலும் ஆட்டத்தை நடத்தும் டைரக்டரே அதைப் போட்டுவைத்திருப்பார். திரையில் தெரியும் மேசை எண்ணும் மேசைமேல் நிற்கும் அட்டையின் எண்ணும் ஒன்றுதானா என்று மட்டும் பாருங்கள். ஐந்தாம் மேசையின் கருவி ஆறாம் மேசைக்கு வந்துவிட்டால் இரண்டு மேசைகளின் முடிவுகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்.

அடுத்து நான்கு ஆட்டக்காரர்களின் உறுப்பினர் எண்கள். இங்கிலாந்து பிரிட்ஜ் யூனியனில் ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஓர் எண் உண்டு. அதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், அல்லது உங்கள் புள்ளி அட்டையின் மூலையில் எழுதிவையுங்கள். வடக்கு ஒவ்வொரு திசையாகக் கேட்டு உள்ளிடுவார். எண் ஏறியதும் பெயர் திரையில் வந்தால் அது உங்கள் பெயர்தானா என்று பாருங்கள். யூனியன் நடத்தும் தரவரிசை ஒன்று இருக்கிறது; அதில் ஆட்டக்காரர்களுக்குச் சீட்டுகளின் பெயரிலேயே தரம் கொடுப்பார்கள். ஓர் இலக்கம் பிசகினால் நீங்கள் சொதப்பிய மாலைக்கு முன்பின் தெரியாத ஒருவரின் தரம் இறங்கும். எண் இல்லாத விருந்தினராக வந்திருந்தால் டைரக்டரிடம் சொல்லிவிடுங்கள். வாய்க்கு வந்த எண்ணைப் போடாதீர்கள்.

பிறகு திரை அந்தச் சுற்றின் விவரத்தைக் காட்டும்: வடக்கு–தெற்கில் எந்த ஜோடி, கிழக்கு–மேற்கில் எந்த ஜோடி, எந்தெந்த போர்டுகள். இதை ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் படியுங்கள். ஒரே ஒரு பார்வைதான் தேவை. மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் வேறு ஜோடியாக இருந்தாலோ, வேறு போர்டுகள் வந்திருந்தாலோ, சீட்டை வெளியே எடுப்பதற்கு முன்பே டைரக்டரை அழையுங்கள். எடுத்து ஏலம் தொடங்கிவிட்டால் அவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டவேண்டியிருக்கும்.

கருவியைக் கையாள்வது ஏன் எப்போதும் வடக்கு? மிகப் பரவலாக நடக்கும் ஓட்டமுறையில் வடக்கு–தெற்கு ஜோடி அதே மேசையில் இருக்கும், கிழக்கு–மேற்கு ஜோடி ஒவ்வொரு சுற்றிலும் அடுத்த மேசைக்குப் போகும், போர்டுகள் எதிர்த்திசையில் கீழே இறங்கும். டூப்ளிகேட் பிரிட்ஜ் சட்டங்களின் 7ஆம் சட்டம் மேசையில் நிலையாக இருப்பவர்களுக்கே மேசையின் ஒழுங்கைக் காக்கும் முதல் பொறுப்பைத் தருகிறது. வடக்குக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, பொத்தான்கள் சிறியவையாக இருக்கின்றன என்றால் தெற்கு பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் புதியவர், வடக்கில் உட்காரத் தயக்கம் என்றால் கிழக்கு–மேற்கில் இடம் கேளுங்கள். கொடுப்பார்கள். ஆனால் அங்கேயும் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

ஒரு போர்டு, தொடக்கம் முதல் முடிவு வரை

7ஆம் போர்டை எடுத்துக்கொள்வோம். அதில் பகிர்வாளர் தெற்கு, இரு தரப்பும் வல்னரபிள் (வென்றால் பரிசும் தோற்றால் அபராதமும் கூடுதல்). தெற்கு ஒரு ஸ்பேட் என்று தொடங்குகிறார், மேற்கு பாஸ், வடக்கு நான்கு ஸ்பேட், மற்றவர்கள் பாஸ். மேற்கு ஹார்ட் ராஜாவை இறக்குகிறார்.

இப்போதுதான் வடக்கு கருவியைத் தொடவேண்டும். ஏலம் முடிந்த கையோடு பொத்தானை அழுத்தத் தொடங்குகிறவர்கள் பலர். வடக்கு டம்மியாக, அதாவது சீட்டுகளை மேசையில் விரித்துவைக்கும் கூட்டாளியாக, இருக்கும்போது இவர் கருவியைத் தட்டி முடிக்கும்வரை டம்மி மேசையில் விரியாது; மற்ற மூவரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் சீட்டைப் போடவேண்டியவரே வடக்கு என்றால் இன்னும் மோசம். சீட்டு முதலில், கருவி பிறகு. ஒரு மாலைக்கு 24 போர்டு, போர்டுக்கு ஏழரை நிமிடம் என்று வைத்தால் மூன்று மணிநேரம் ஆகிறது. போர்டுக்கு அரை நிமிடம் பொத்தானில் போனால் 12 நிமிடம் காணாமல் போகும். கடைசிச் சுற்றில் அது எல்லோருக்கும் வலிக்கும்.

ஆக, டம்மியை விரித்துவிட்டு வடக்கு பதியத் தொடங்குகிறார். திரை கேட்கும் வரிசை கிளப்பின் அமைப்பைப் பொறுத்துச் சற்று மாறலாம். கேட்பவை இவைதான்.

போர்டு எண். சுற்றின் அடுத்த எண்ணைத் திரை தானாகவே எடுத்துக் காட்டலாம். மேசையில் கிடக்கும் போர்டின் எண்ணோடு ஒப்பிட்டபின் ஓகே.

காண்ட்ராக்ட், அதாவது ஏலம் கடைசியாக நின்ற இடம். 4 அழுத்தி, ஸ்பேட் குறியை அழுத்தவேண்டும். நோ டிரம்புக்கு (துருப்பு இனம் இல்லாத ஆட்டம்) தனிப் பொத்தான் உண்டு. எதிரணி பந்தயத்தை உயர்த்தும் டபுளுக்கு ஒரு பெருக்கல் குறி, அதற்குப் பதிலாக மேலும் உயர்த்தும் ரீடபுளுக்கு இரண்டு. நால்வரும் பாஸ் செய்த போர்டாக இருந்தால் பாஸ் பொத்தான்; அதோடு அந்தப் போர்டு முடிந்தது.

டிக்ளேரர், அதாவது காண்ட்ராக்டை ஆடுகிறவர். வடக்கு–தெற்குக்கு ஒரு பொத்தான், கிழக்கு–மேற்குக்கு ஒரு பொத்தான். ஒருமுறை அழுத்தினால் ஒரு திசையும் மறுமுறை அழுத்தினால் மற்றதும் திரையில் வரும். நம் போர்டில் தெற்கு வேண்டும். நான்கு ஸ்பேட் என்று சொன்னவர் வடக்குதானே என்று புதியவர்கள் இங்கே இடறுவதுண்டு. அந்த இனத்தை அந்தத் தரப்பில் முதலில் சொன்னவரே டிக்ளேரர். தெற்குதான் முதலில் ஸ்பேட் சொன்னார்.

முதல் சீட்டு. சில கிளப்புகள் கேட்கும், சில கேட்காது. கேட்டால் இனத்தையும் சீட்டையும் போடுங்கள்: ஹார்ட், ராஜா. வெட்டி வேலை என்று இதை முணுமுணுப்பவர்கள் உண்டு. எனக்கு இது பிடித்த வசதி. சீட்டுப் பகிர்வுகள் இயந்திரத்தில் போடப்பட்டு அவற்றின் கோப்பும் ஏற்றப்பட்டிருந்தால், அந்தச் சீட்டு அந்தக் கையில் இருந்ததா என்று மென்பொருளால் சோதிக்கமுடியும். டிக்ளேரரைத் தவறுதலாக வடக்கு என்று போட்டிருந்தால் முதல் சீட்டு கிழக்கிடமிருந்து வந்திருக்கவேண்டும். கிழக்கிடம் ஹார்ட் ராஜா இல்லையே என்று கருவி உடனே தடுக்கும். போர்டு எண்ணில் பிசகு இருந்தாலும் இதே இடத்தில் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். எச்சரிக்கை வந்தால் அதை எரிச்சலோடு தள்ளிவிட்டுத் தொடராதீர்கள்.

இதுவரை போட்டுவிட்டுக் கருவியை ஓரமாக வைத்துவிட வேண்டும். ஆட்டம் நடக்கும்போது அது யார் கையிலும் இருக்கக்கூடாது.

ஆட்டம் முடிகிறது. தெற்கு பத்து டிரிக் (நால்வரும் ஆளுக்கொரு சீட்டு போட்டு ஒருவர் வெல்லும் பிடி) எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முடிவைப் பதிவதற்கு முன்னால், எத்தனை டிரிக் என்று நால்வரும் ஒத்துக்கொள்ளவேண்டும். 79ஆம் சட்டம் சொல்வது இது: நான்கு கைகளும் போர்டுக்குத் திரும்புவதற்கு முன்பே டிரிக் எண்ணிக்கையில் உடன்பாடு வேண்டும். டூப்ளிகேட்டில் சீட்டுகளை நடுவில் குவிப்பதில்லை. ஒவ்வொருவரும் தன் சீட்டைத் தன் முன்னாலேயே கவிழ்த்து, தன் தரப்பு வென்ற டிரிக்கை நெடுக்காகவும் தோற்றதைக் குறுக்காகவும் வரிசையாக வைக்கிறார். அந்த வரிசைதான் ஆதாரம். உடன்பாடு வரும்வரை அதைக் கலைக்கக்கூடாது என்று 65ஆம் சட்டம் தனியாகவே சொல்கிறது. உங்கள் கணக்கில் ஒன்பது, அவர்கள் கணக்கில் பத்து என்றால் வரிசைகளைப் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொள்ளலாம். சீட்டைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டு, "எனக்கு நன்றாக நினைவிருக்கிறது" என்று வாதாடுவது யாருக்கும் உதவாது.

முடிவு. பெரும்பாலான ஐரோப்பிய கிளப்புகளில் காண்ட்ராக்டோடு ஒப்பிட்டே முடிவைப் போடுவார்கள். சொன்னபடி எடுத்தால் சமக்குறி. ஒன்று கூடினால் கூட்டல் 1. இரண்டு குறைந்தால் கழித்தல் 2. நம் போர்டில் நான்கு ஸ்பேட் என்பதற்கு ஆறும் நான்குமாகப் பத்து டிரிக் தேவை, பத்தும் வந்தது, ஆகவே சமக்குறி. வல்னரபிள் என்பதால் 620 புள்ளி. அதைக் கணக்கிடவேண்டியவர் நீங்கள் இல்லை. எந்த போர்டில் யார் வல்னரபிள் என்பது கருவிக்குத் தெரியும். ஆனாலும் 420, 620, 400, 600, 110, 140 போன்ற அடிக்கடி வரும் எண்களைச் சில வாரங்களில் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். திரையில் வேறு எண் நின்றால் சட்டென்று உறுத்தும்.

ஓகே அழுத்தியதும், எதிரணி சரிபார்க்கவேண்டும் என்று திரை சொல்லும். வடக்கு கருவியைக் கிழக்கிடமோ மேற்கிடமோ நீட்டுகிறார்.

சரிபார்ப்பவரின் வேலை

இந்த ஓகே மரியாதைக்கு அழுத்துவதல்ல. பத்திரத்தில் போடும் கையெழுத்து அது. வடக்கு தானே அழுத்தி முடித்துவிட்டு "போட்டுவிட்டேன்" என்று சொன்னால், முகம் சுளிக்காமல், "ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்" என்று கையை நீட்டுங்கள். எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் கேட்கலாம். எதிரணி பார்க்காத பதிவு அரைப் பதிவுதான்.

பார்க்கவேண்டியவை: போர்டு எண், காண்ட்ராக்டின் அளவு, இனம், டபுள் உண்டா இல்லையா, டிக்ளேரரின் திசை, முடிவின் குறி, எண். உங்கள் சொந்தப் புள்ளி அட்டையில் அதே போர்டை நீங்களும் எழுதியிருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க ஐந்து நொடி போதும். திரையிலிருந்து பார்த்து உங்கள் அட்டையில் எழுதாதீர்கள். முதலில் உங்கள் நினைவிலிருந்து எழுதுங்கள், பிறகு திரையைப் பாருங்கள். பார்த்து எழுதினால் தவறும் சேர்ந்தே நகலாகும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு கணக்கு. எட்டு மேசைகள். 7ஆம் போர்டை எட்டு வடக்கு–தெற்கு ஜோடிகளும் நான்கு ஸ்பேட் ஆடிப் பத்து டிரிக் எடுக்கிறார்கள். எல்லோருக்கும் 620. இங்கிலாந்து முறையில், நீங்கள் வென்ற ஒவ்வொரு ஜோடிக்கும் 2, சமமாக நின்ற ஒவ்வொரு ஜோடிக்கும் 1. ஏழு பேரோடு சமம், ஆக 14க்கு 7. எல்லோருக்கும் 50 சதவீதம். யாருக்கும் லாபமோ நட்டமோ இல்லை.

இப்போது ஒரு மேசையில் மட்டும் டிக்ளேரர் பொத்தானில் விரல் தவறி, தெற்குக்குப் பதில் கிழக்கு என்று ஏறிவிட்டது. அந்த வடக்கு–தெற்கு ஜோடிக்கு 620 கிடைப்பதற்குப் பதிலாக 620 பறிபோகிறது, 14க்கு 0. எதிரே இருந்தவர்களுக்கு 14. அத்தோடு நிற்கவில்லை. மற்ற ஏழு வடக்கு–தெற்கு ஜோடிகளும் இப்போது ஆறு பேரோடு சமம், ஒருவரை வென்றவர்கள். ஆளுக்கு 8 ஆகிவிட்டது. அவர்களுக்கு எதிரே இருந்த ஏழு ஜோடிகளுக்கு 6. ஒரே ஒரு பொத்தான், 16 ஜோடிகளின் கணக்கும் மாறிவிட்டது. தனக்கு 14 வந்ததென்று மேற்கு மகிழமுடியாது. யாராவது முடிவுத்தாளைப் பார்த்ததும் அது பிடிபட்டுவிடும்.

தவறு எங்கெல்லாம் நுழைகிறது

டபுளை விடுவது மிக அதிகம். ஏல அட்டைகளைப் பெட்டிக்குள் போட்டபின் பதிந்தால் டபுள் நினைவில் நழுவிவிடும். வல்னரபிளாக இரண்டு ஸ்பேட் டபுளில் எடுத்தால் 670. டபுளை விட்டால் 110. தோற்றாலும் சிறிய விஷயமல்ல. வல்னரபிளாக ஒன்று குறைந்தால் 100, டபுளில் 200. எதிரணி தன் காண்ட்ராக்டை ஆடியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய 110, 140 எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கின்றன. அதாவது நல்ல முடிவு மோசமாகவும், மோசமானது நல்லதாகவும் புரண்டுவிடும். ஏல அட்டைகளை எடுப்பதற்கு முன் காண்ட்ராக்டை உங்கள் சொந்த அட்டையிலாவது குறித்துக்கொண்டால் போதும்.

ஆறுக்கு மேல் எடுத்த டிரிக்கைப் போடுவது இன்னொன்று. இரண்டு ஹார்ட் ஆடி ஒன்பது டிரிக் எடுத்தவர் கூட்டல் 1 போடவேண்டும், 140 வரும். ஆறுக்கு மேல் மூன்று எடுத்தோமே என்று கூட்டல் 3 போட்டால் கருவி பதினொரு டிரிக் என்று எடுத்துக்கொண்டு 200 கொடுக்கும். அது நடக்கமுடியாததல்ல என்பதால் எந்த எச்சரிக்கையும் வராது. சில கிளப்புகளில் முடிவை வேறு முறையில் போடும்படியும் கருவியை அமைக்கமுடியும். புதிய கிளப்புக்குப் போனால் முதல் போர்டிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

போர்டுகளின் வரிசை. ஒரு சுற்றில் 10, 11, 12 என்று மூன்று வந்திருக்கின்றன. மேலே இருந்ததை எடுத்து நீங்கள் 11ஐ முதலில் ஆடிவிடுகிறீர்கள். திரை 10 என்று காட்டுகிறது. ஓகே, ஓகே என்று போய்விட்டால் இரண்டு போர்டுகளின் முடிவும் இடம் மாறும். 10ஆம் போர்டில் இரு தரப்பும் வல்னரபிள், 11இல் யாரும் இல்லை. மூன்று நோ டிரம்ப் எடுத்ததற்கு 400 வரவேண்டிய இடத்தில் 600 வரும். இதைத் தவிர்க்க ஆடும்வரை போர்டை மேசையின் நடுவிலேயே வைத்திருங்கள். இட நெருக்கடி என்று தரையில் வைப்பவர்களை நான் கண்டிப்பேன். வல்னரபிள் யார் என்பதும் அந்தத் தட்டில்தானே எழுதியிருக்கிறது.

கடைசிச் சுற்றில் ஒரு வேடிக்கை நடக்கும். எல்லோரையும் ஒரே பட்டியலில் வரிசைப்படுத்த வேண்டுமென்றால், நிலையாக உட்கார்ந்தவர்களும் நகர்ந்தவர்களும் சில போர்டுகளில் திசை மாறி ஆடவேண்டும். அந்தச் சுற்றில் போர்டைத் திருப்பி வைப்பார்கள், அல்லது ஆட்களே இடம் மாறுவார்கள். திரையில் ஜோடி எண்கள் இடம் மாறியிருக்கும். மாலை முழுவதும் வடக்காக இருந்தவர் இப்போது கிழக்கின் கையைப் பிடித்திருக்கக்கூடும். பதியும்போது நாற்காலியைப் பார்க்காதீர்கள், போர்டில் உள்ள திசையைப் பாருங்கள். தெற்கு என்று எழுதிய பையிலிருந்து சீட்டெடுத்தவர்தான் தெற்கு. களைத்துப் போன நேரத்தில் வருவதால் அனுபவசாலிகளும் இங்கே சறுக்குகிறார்கள்.

தவறாக அழுத்திவிட்டால்?

எதிரணி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் கவலையே இல்லை. ரத்துப் பொத்தானை அழுத்தினால் படிப்படியாகப் பின்னால் போகும், திருத்திக்கொள்ளலாம். ஒப்புக்கொண்டு பதிவு போய்விட்டால் கையை எடுத்துவிட்டு, "டைரக்டர், ப்ளீஸ்" என்று அழையுங்கள். அவரிடம் கருவிக்கான ரகசிய எண் இருக்கிறது. பதிவை அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்வார், அல்லது கணினியிலேயே மாற்றுவார். டைரக்டரை அழைப்பதைப் புகார் கொடுப்பதுபோல் நினைத்துத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நம்மவர்களில் கொஞ்சம் அதிகம். அவர் அதற்காகத்தான் அங்கே இருக்கிறார், கோபித்துக்கொள்ள மாட்டார்.

தொழில்நுட்பம் தெரிந்தவர் என்ற தைரியத்தில் யாராவது பட்டியலுக்குள் நுழைந்து தானே சரிசெய்ய முயன்றால் தடுத்துவிடுங்கள். நேரமில்லாமல் ஆடாமல் விட்ட போர்டுக்கும் நீங்களாக எதையும் போடவேண்டாம். அதற்கு எந்தத் தரப்புக்கு எவ்வளவு சதவீதம் என்று முடிவு செய்வது டைரக்டர். ஆடாததற்கு யார் காரணம் என்பதைப் பொறுத்து 60, 50, 40 என்று அது மாறும்.

பேட்டரி தீர்ந்ததற்கான குறி வந்தாலும், பதிவு போகாமல் திரை நின்றுவிட்டாலும் இதே வழிதான். அதுவரை முடிவைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடருங்கள். கருவிக்காக ஆட்டம் காத்திருக்க வேண்டியதில்லை.

திரையில் தெரியும் சதவீதம்

ஒப்புக்கொண்டபின் சில கிளப்புகளில் கருவி இன்னொன்றையும் காட்டும்: அந்தப் போர்டில் மற்ற மேசைகளின் முடிவுகள், உங்கள் சதவீதம். ருசி கண்டவர்கள் இதை விடமாட்டார்கள். ஒவ்வொரு போர்டுக்கும் நான்கு தலைகள் ஒரு சிறு திரைக்கு மேல் கவியும்.

முதல் சில சுற்றுகளில் அந்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது. உங்களுக்கு முன் ஒரு மேசை மட்டும் ஆடியிருந்தால் உங்கள் சதவீதம் 100, 50, 0 ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கமுடியும். நூறு என்று துள்ளியவர் மாலை முடிவில் அதே போர்டில் 35இல் வந்து நிற்பார். பூஜ்யத்தைப் பார்த்துச் சுருண்டவர் அடுத்த போர்டையும் கெடுத்துக்கொள்வார். என்னைக் கேட்டால் புதியவர்கள் முதல் ஆறு மாதங்களுக்கு அதைப் பார்க்கவே வேண்டாம். சரிபார்த்து ஓகே அழுத்திக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.

பார்ப்பதென்று முடிவு செய்தால் வாயைத் திறக்காமல் பாருங்கள். "ஆறு ஸ்பேட் எல்லோரும் எடுத்திருக்கிறார்களே!" என்று நீங்கள் வியப்பது அடுத்த மேசைக்குக் கேட்கும். அந்தப் போர்டு அடுத்து அங்கேதான் போகிறது. போர்டின் ஏலமோ ஆட்டமோ முடிவோ வேறு மேசைக்குக் கேட்கும்படி பேசுவது 90ஆம் சட்டத்தின்படி அபராதத்துக்கு உரியது. கிளப்பில் அபராதம் அரிது என்றாலும் அந்தப் போர்டு கெட்டது கெட்டதுதான்.

இன்னொன்று பலருக்குத் தோன்றுவதில்லை. சுற்று முடிந்து உங்கள் மேசைக்கு வரும் புதிய கிழக்கு–மேற்கு ஜோடி, நீங்கள் இப்போது ஆடி முடித்த போர்டுகளை வேறொரு மேசையில் பிறகு ஆட வாய்ப்புண்டு. அவர்கள் உட்காரும்போது பழைய முடிவுகள் திரையில் ஒளிர்ந்துகொண்டிருக்கக் கூடாது. அவர்கள் வருவதற்கு முன் திரையை அடுத்த சுற்றுக்கு நகர்த்திவிடுங்கள். உங்கள் சொந்தப் புள்ளி அட்டையும் மேசையில் மல்லாந்து கிடக்கக்கூடாது, அதே காரணத்துக்காக.

ஆட்டம் முடிந்தபின்

கடைசிப் போர்டு பதிவானதும் கருவி முடிந்தது என்று சொல்லும். அதற்கு முன் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும் கிழக்கு–மேற்குகள் உண்டு. அவர்கள் ஒப்புக்கொள்ளாத ஒரு பதிவால் மொத்தக் கணக்கும் முடிக்கப்படாமல் நிற்கும். திரையைப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீடுவரை போனவர்களும் உண்டு என்பதால், அதை எண்ணிட்ட பெட்டியில் அதன் இடத்திலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

முடிவு வெளியானபின் அன்றிரவே உங்கள் அட்டையை ஒவ்வொரு போர்டாக ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் மூன்று டைமண்ட் என்று எழுதியிருக்கும் இடத்தில் மூன்று கிளாவர் என்றிருந்தால், அல்லது கிடைத்த புள்ளி எதிர்க் குறியில் இருந்தால், இன்னும் திருத்தமுடியும். வேறு ஏற்பாடு அறிவிக்கப்படாவிட்டால், முடிவு பார்வைக்கு வைக்கப்பட்டதிலிருந்து 30 நிமிடம் என்று 79ஆம் சட்டம் கால எல்லை வைக்கிறது. மக்கள் வீட்டுக்குப் போய்த்தான் முடிவைப் பார்க்கிறார்கள் என்பதால் அதைவிட நீண்ட கெடு வைக்கும் கிளப்புகளும் உண்டு. உங்கள் கிளப்பின் கெடு என்ன என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். திருத்தம் கேட்கும்போது போர்டு எண், மேசை, சுற்று, பதிவாகியிருப்பது, பதிவாகியிருக்க வேண்டியது ஆகியவற்றை எழுதி டைரக்டருக்கு அனுப்பினால் போதும். எதிரணியிடமும் அவர் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார். தவறு உங்களுக்குச் சாதகமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.